பொய்ச்சாட்சியின் முதற்பதிப்பு: தாமஸ் டிக்சனின் 'தி கிளான்ஸ்மன்'

அமெரிக்கப் பழைய புத்தக வணிகர்களின் விலைப்பட்டியல்களில் அடிக்கடி தலைகாட்டும் நூல்களில் ஒன்று 'தி கிளான்ஸ்மன்'. எழுதியவர் தாமஸ் டிக்சன். 1905 ஜனவரியில் நியூயார்க்கின் டபிள்டே, பேஜ் அண்ட் கம்பெனி வெளியிட்டது. இத்தகைய பட்டியல்கள் அட்டைத்துணி மங்கியிருக்கிறதா, தையல் தளர்ந்திருக்கிறதா, முன்தாளில் பழைய உரிமையாளரின் கையெழுத்து உண்டா என்பதையெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும். உள்ளடக்கம் பற்றி 'சர்ச்சைக்குரிய வரலாற்றுப் புதினம்' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

கூ கிளக்ஸ் கிளானை மீட்பர்களின் படையாகவும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெள்ளைப் பெண்களுக்கும் நாகரிகத்துக்கும் ஆபத்தாகவும் காட்டும் நூல் இது. இலக்கியத் தரத்தில் அது இரண்டாம் தரம் என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இன்று உரை முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க, 1905ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றில் உரையை மட்டும் படிப்பவருக்குக் கிடைக்காத சான்று ஏதேனும் உண்டா? உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த வெறுப்பு விளிம்பில் விளைந்தது அல்ல, மதிப்புமிக்க மையத்தில் அச்சேறியது என்பதற்கு அந்தப் பிரதியே சாட்சி.

1. நூலும் அதன் காலமும்

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 14ஆம் திருத்தம் (1868) குடியுரிமையையும் 15ஆம் திருத்தம் (1870) கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையையும் உறுதிசெய்தன. தோற்ற தென் மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்த 1877 வரையிலான காலத்தை மறுசீரமைப்புக் காலம் என்கிறோம். தென் கரோலினாவில் 1868இல் கூடிய சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை. சில ஆண்டுகளுக்கு முன்வரை சட்டப்படி உடைமைப் பொருளாக இருந்தவர்கள் சட்டம் இயற்றும் இருக்கையில் அமர்ந்தார்கள். (புனேயில் ஜோதிராவ் ஃபுலே தம் 'குலாம்கிரி'யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்ததும் இதே காலத்தில், 1873இல்தான்.) இந்த மாற்றத்தை வன்முறையால் முறியடிக்க எழுந்த இயக்கமே டென்னசியின் புலாஸ்கி ஊரில் தொடங்கிய கிளான்.

டிக்சன் 1864இல் வட கரோலினாவின் ஷெல்பி அருகே பிறந்தவர். நடிப்பு, சட்டம், மாநிலச் சட்டமன்றம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு பாப்டிஸ்ட் போதகரானார். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெருங்கூட்டத்தைக் கட்டிப்போட்ட பேச்சாளர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகத்தை 1901இல் பார்த்து ஆத்திரமடைந்து, அதற்கு மறுப்பாக 'தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்' (1902) நாவலை எழுதினார். 'தி கிளான்ஸ்மன்' அந்த வரிசையில் இரண்டாவது. மூன்றாவது 'தி ட்ரெய்ட்டர்' (1907).

கதை 1865இன் வாஷிங்டனில் தொடங்கித் தென் கரோலினாவின் பீட்மண்ட் என்ற கற்பனை ஊருக்கு நகர்கிறது. ஆஸ்டின் ஸ்டோன்மன் என்ற வடபுலத் தலைவர் பழிவாங்கும் வெறியில் தெற்கைக் கறுப்பின மக்களின் ஆட்சிக்குள் தள்ளுகிறார். கறுப்பினப் படைப்பிரிவின் தலைவன் கஸ் ஒரு வெள்ளைச் சிறுமியைக் கெடுக்கிறான். தாயும் மகளும் பாறை உச்சியிலிருந்து குதித்து உயிர்விடுகிறார்கள். பென் கேமரன் தலைமையில் கிளான் எழுந்து கஸ்ஸைக் கொன்று ஊரை 'மீட்கிறது'. நடுவே இரண்டு காதல் கதைகள்.

2. இதுவரையிலான வாசிப்புகள்

டிக்சனைப் பற்றிய ஆய்வுகளை மூன்று போக்குகளாகப் பார்க்கலாம். ரேமண்ட் ஆலன் குக்கின் 1968ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு, பல தொழில் பார்த்த ஒரு விசித்திர மனிதரின் கதையாக அவரைச் சொல்கிறது. அனுதாபம் சற்றுத் தூக்கல். ஜோயல் வில்லியம்சன் 'தி க்ரூசிபிள் ஆஃப் ரேஸ்' (1984) நூலில், நூற்றாண்டுத் திருப்பத்தில் தென்புலத்தில் மூண்ட தீவிர இனவாதத்தின் முதன்மைக் குரலாக டிக்சனை நிறுத்தி, அதன் வேரை அவருடைய குடும்பத்திலும் மனத்திலும் தேடுகிறார். அந்தோனி ஸ்லைடின் 'அமெரிக்கன் ரேசிஸ்ட்' (2004) திரைப்படத் துறையில் டிக்சன் செய்தவற்றைப் பின்தொடர்கிறது.

மூன்றும் பயனுள்ளவை. ஆனால் மூன்றின் கண்ணும் ஆசிரியர் மேல்தான். வில்லியம்சனின் உளவியல் விளக்கம் கூர்மையானது என்றாலும் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: நோய் ஒருவருடையது என்று நிறுவிவிட்டால், அவரை அச்சிட்டவரும் படம் வரைந்தவரும் விற்றவரும் வாங்கியவரும் கேள்விக்கு வெளியே போய்விடுகிறார்கள். நூலைப் பொருளாகப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள்.

3. பொருளாக அந்த நூல்

முதலில் பதிப்பை அடையாளம் காணும் சிக்கல். பதிப்புரிமைப் பக்கத்தில் 1905 என்று இருப்பதால் மட்டும் ஒரு பிரதி முதற்பதிப்பு ஆகிவிடாது. அன்று வெற்றிபெற்ற நாவல்களின் அச்சுத்தகடுகளை வாடகைக்கோ விலைக்கோ வாங்கி மலிவுப் பதிப்பு போடுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த கிராசெட் அண்ட் டன்லப் நிறுவனம் இந்நூலையும் பெருமளவில் வெளியிட்டது. அந்தப் பிரதிகளிலும் 1905 என்ற ஆண்டு இருக்கும். ஆகவே தலைப்புப் பக்கத்தின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே டபிள்டே, பேஜ் என்று இருந்தாலும், அது முதல் அச்சா அதே ஆண்டின் அடுத்தடுத்த அச்சுகளில் ஒன்றா என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நூல் அரியது அன்று. 1905இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நாவல்களின் ஆண்டுப் பட்டியலில் அதற்கு நான்காம் இடம். அக்காலத் தாள் மேலுறைகளைப் பெரும்பாலோர் கிழித்து எறிந்துவிட்டதால், மேலுறையோடு கூடிய பிரதிதான் அபூர்வம். 'அரிய நூல்' என்ற சொல்லை விற்பனையாளர்கள் தாராளமாகப் புழங்கும்போது, அந்த நூல் எத்தனை வீடுகளின் அலமாரியில் இருந்தது என்ற உண்மை மறைந்துபோகிறது.

தலைப்புப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பதிப்பகப் பெயரே என் பார்வையில் மிக முக்கியமான சான்று. டபிள்டே, பேஜ் ஏதோ துண்டறிக்கை அச்சகம் அல்ல. ஹெலன் கெல்லரின் தன்வரலாற்றை 1903இலும் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவலை 1906இலும் வெளியிட்ட வீடு. இவற்றைவிட உறுத்தும் செய்தி: அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் 'அப் ஃப்ரம் ஸ்லேவரி'யை 1901இல் வெளியிட்டதும் இதே நிறுவனம். அடுத்த ஆண்டே, கறுப்பின மக்களுக்குக் கல்வி கொடுப்பது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்று வாதிடும் டிக்சனின் முதல் நாவல் அதே வாசலிலிருந்து வெளிவந்தது. பங்குதாரர் வால்டர் ஹைன்ஸ் பேஜ் டிக்சனைப் போலவே வட கரோலினாக்காரர். தெற்கின் பின்தங்கிய நிலையை வெளிப்படையாகக் கண்டித்தவர், தென்புலப் பள்ளிக் கல்விக்காகப் பாடுபட்டவர், பின்னாளில் பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர். 'தாராளவாதி' என்று அந்தக் காலம் யாரைச் சொல்லுமோ அவரே இதற்குப் பதிப்பாளர். இரண்டு நூல்களும் ஒரே நிறுவனத்தில் வெளிவந்ததைக் கருத்துச் சமநிலை என்று விளக்குவோர் உண்டு. ஒரு நூல் தன் இனத்தாரை உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் முன்னேறச் சொல்கிறது. மற்றது அந்த இனத்தாரைக் கொல்வதை வீரம் என்கிறது. இவற்றை ஒரே தராசில் வைத்துவிட்டு அதைச் சமநிலை என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது சமர்ப்பணப் பக்கம். டிக்சன் தம் தாய்மாமன் கர்னல் லிராய் மெக்கஃபீயின் நினைவுக்கு நூலைப் படைக்கிறார்; கிளானில் அவர் வகித்த பதவியையும் பெருமையோடு குறிப்பிடுகிறார். அரசு சட்டமியற்றி ஒடுக்கிய ஓர் அமைப்பின் பதவிப் பெயர், 34 ஆண்டுகளுக்குள் முன்னணிப் பதிப்பகம் ஒன்றின் நூலில் மரியாதைப் பட்டமாக அச்சேறுகிறது.

மூன்றாவது, படங்கள். ஆர்தர் ஐ. கெல்லர் அன்று தேடப்பட்ட ஓவியர். ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' (1902) நாவலுக்கும் அவரே வரைந்தார். இந்நூலில் அவர் வரைந்த படங்களில் ஒன்று எரியும் சிலுவையை உயர்த்திப் பிடித்த கிளான்காரர்களைக் காட்டுகிறது. 1860களின் கிளான் சிலுவை கொளுத்தியதற்கு ஆதாரம் இல்லை. ஸ்காட்லாந்து மலைக் குலங்கள் போருக்கு அழைக்கத் தீச்சிலுவையை ஊர் ஊராக அனுப்பின என்ற மரபு, வால்டர் ஸ்காட்டின் கவிதை வழியே தென்புல வாசகர்களிடம் பரவியிருந்தது. டிக்சன் அதை எடுத்துத் தம் கிளான்காரர்களின் கையில் கொடுத்தார். கெல்லர் அதற்கு உருவம் கொடுத்தார். படங்கள் உதிர்ந்துபோன மறுஅச்சைப் படிப்பவருக்கு இந்தப் பிறப்பு கண்ணில் படாது.

4. முன்னுரையின் உறுதிமொழி

டிக்சனின் முன்னுரை 1904 டிசம்பர் தேதியிட்டது. தாம் பெயர்களை மட்டுமே மாற்றியதாகவும், வரலாற்றின் சாரமான எந்த உண்மையிலும் கைவைக்கவில்லை என்றும் அதில் அவர் உறுதி கூறுகிறார். நாவலாசிரியருக்குரிய கற்பனைச் சலுகையை அவரே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஆகவே இந்நூலை ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சோதிப்பது அநியாயம் ஆகாது.

ஸ்டோன்மன் என்ற பாத்திரம் பென்சில்வேனியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நாவலில் அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். உடல்நலம் தேறப் பீட்மண்டுக்கு வந்து தங்குகிறார். கடைசியில் தம் தவற்றை உணர்கிறார். உண்மையில் ஸ்டீவன்ஸ் திருமணம் செய்துகொள்ளவே இல்லை. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணை தோற்ற சில வாரங்களில், 1868 ஆகஸ்டில், வாஷிங்டனிலேயே இறந்துபோனார். நாவலின் பின்பாதியில் நடப்பவற்றுக்கு அவர் உயிரோடே இல்லை. தம் உடலை எல்லா இனத்தாருக்கும் இடம் தரும் கல்லறையில் புதைக்கச் சொன்னவர் அவர். லங்காஸ்டரில் அப்படித்தான் புதைக்கப்பட்டார். ஒரு விவரத்தை மட்டும் டிக்சன் சரியாக எடுத்துக்கொண்டார்: ஸ்டீவன்ஸின் இரும்பாலையைத் தென்புலப் படை 1863இல் எரித்தது உண்மை. அந்த ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு, சமத்துவத்துக்காக அவர் வாழ்நாள் முழுதும் நடத்திய போராட்டத்தையே எரிந்த ஆலைக்கான பழிவாங்கலாகச் சுருக்கிவிட்டார். முழுப் பொய்யைவிட இந்த உத்தி ஆபத்தானது. சரிபார்க்கப் போகிறவர் முதலில் சந்திப்பது அந்த மெய்த் துணுக்கைத்தான்.

ஸ்டீவன்ஸின் வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட லிடியா ஹாமில்டன் ஸ்மித், கலப்பினப் பெண். சொந்தமாகச் சொத்து வாங்கி நிர்வகித்தவர். நாவலில் அவர் லிடியா பிரவுன் என்ற சூழ்ச்சிக்காரியாகிறார். மாற்றிய பெயரிலும் முதற்பெயரை விட்டுவைத்திருப்பதைப் பாருங்கள்.

கஸ்ஸின் கதைதான் நாவலின் அச்சாணி. அதற்கு எதிரே தென் கரோலினாவின் யார்க் மாவட்டத்தில் 1871 மார்ச்சில் நடந்ததை வைக்கலாம். ஜிம் வில்லியம்ஸ் அங்கே கறுப்பினக் குடிப்படையின் தலைவர். ஒரு நள்ளிரவில் முகமூடி அணிந்தவர்கள் அவரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டார்கள். கும்பலை நடத்திச் சென்றவர் ஊரின் மருத்துவர் ரூஃபஸ் பிராட்டன். வழக்குக்கு அஞ்சிக் கனடாவுக்கு ஓடினார். நாவலிலும் ஒரு படைத்தலைவன், ஒரு மருத்துவர், ஒரு மரணதண்டனை உண்டு. ஆனால் படைத்தலைவன் கயவன் ஆகிவிட்டான். மருத்துவர் கேமரன், இறந்த தாயின் விழித்திரையை நுண்ணோக்கியில் பார்த்து அதில் கஸ்ஸின் உருவம் பதிந்திருக்கக் கண்டு குற்றத்தை 'நிரூபிக்கும்' அறிஞர் ஆகிவிட்டார். இறந்தவர் கண்ணில் கடைசிக் காட்சி பதியும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பரவலான நம்பிக்கை; ஹைடல்பெர்க்கில் உடலியலாளர் கூனே முயலின் கண்ணில் செய்த சோதனைகளும் 1870களின் பிற்பகுதியில்தான் வந்தன, அவற்றில் தெரிந்ததும் சன்னல் சட்டத்தின் மங்கலான வடிவம்தான். சாட்சியோ நீதிமன்றமோ இல்லாமல் ஒருவனைக் கொல்ல டிக்சனுக்கு அறிவியலின் முத்திரை தேவைப்பட்டது.

யார்க் மாவட்டத்தில் நடந்த சவுக்கடிகளையும் கொலைகளையும் மேஜர் லூயிஸ் மெரில் என்ற குதிரைப்படை அதிகாரி திரட்டிப் பதிவு செய்தார். 1871 அக்டோபரில் ஜனாதிபதி கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார். நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சியம் சொன்னவர்களில் அடிபட்ட கறுப்பின ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். டிக்சன் எழுத உட்கார்ந்தபோது இவை அச்சாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்ற சமாதானம் இங்கே எழும். அதில் பாதி உண்மை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதிய வரலாறும் மறுசீரமைப்பை ஊழலும் அடாவடியும் நிறைந்த காலமாகவே சித்திரித்தது. டிக்சனின் முன்னுரைக்குக் கல்வித்துறையின் நிழல் இருந்தது. ஆனால் எல்லோரும் என்பது பொய். வட கரோலினாவில் நீதிபதியாக இருந்து கிளானை நேரில் எதிர்கொண்ட ஆல்பியன் டூர்ஜே, 1879இலேயே 'எ ஃபூல்ஸ் எரண்ட்' என்ற நாவலில் மறுபக்கத்தை எழுதினார். அதுவும் பரபரப்பாக விற்றது. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெல்லி மில்லர் 1905இல் டிக்சனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அவர் வாதங்களைப் பிரித்து அடுக்கினார். அதே ஆண்டு சட்டன் கிரிக்ஸ் 'தி ஹிண்டர்ட் ஹேண்ட்' நாவலால் பதில் சொன்னார். கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1910இல் வரலாற்று ஆய்விதழில் தொடங்கிய மறுப்பை 1935இல் 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்ற பெருநூலாக முடித்தார். எரிக் ஃபோனரின் 1988ஆம் ஆண்டு வரலாறு அந்தத் தடத்தை நிலைநிறுத்தியது. மறுப்பு இருந்தது, அதற்கு டபிள்டே, பேஜின் விற்பனை வலை இல்லை.

5. தாளிலிருந்து திரைக்கு

அதே 1905இல் டிக்சன் நாவலை நாடகமாக்கி ஊர் ஊராக அனுப்பினார். கறுப்பின மக்களின் எதிர்ப்பை அடுத்து 1906இல் ஃபிலடெல்ஃபியா மேயர் அதைத் தடுத்தார். பத்தாண்டு கழித்து டி. டபிள்யூ. கிரிஃபித் அதைப் படமாக்கினார். 1915 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் 'தி கிளான்ஸ்மன்' என்ற பெயரிலேயே திரையிடப்பட்ட படம், மார்ச்சில் நியூயார்க்கில் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' ஆனது. இடையில் வெள்ளை மாளிகையிலும் திரையிடப்பட்டது. ஜனாதிபதி உட்ரோ வில்சன் டிக்சனுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கால நண்பர். வில்சன் படத்தைப் புகழ்ந்து சொன்னதாகப் பரவிய வாசகத்தை வரலாற்றாளர்கள் இன்று நம்புவதில்லை. திரையிட அனுமதித்ததே போதிய சான்று. வாசகத்தைச் சுற்றிச் சண்டையிடுவது வீண்வேலை.

1915 நவம்பரில் வில்லியம் சிமன்ஸ் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலை உச்சியில் சிலுவை கொளுத்தி கிளானை மறுபடி தொடங்கினார். டிசம்பரில் படம் அட்லாண்டாவுக்கு வந்தபோது செய்தித்தாளில் படத்துக்கும் கிளானுக்கும் அருகருகே விளம்பரம் வந்தது. கெல்லரின் ஓவியத்தில் இருந்த தீச்சிலுவை பத்தே ஆண்டில் நிஜ மலையில் எரிந்தது. படம் வன்முறையைத் தூண்டியதா என்பது நெடுநாள் விவாதம். டெஸ்மண்ட் ஆங் 2023இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வு, படம் போன மாவட்டங்களில் கும்பல் கொலைகளும் இனக் கலவரங்களும் கூடியதையும், பின்னாளில் அங்கே கிளான் கிளைகள் தோன்றும் வாய்ப்பு மிகுந்திருந்ததையும் காட்டுகிறது. இது படத்தைப் பற்றிய கணக்கு; நாவலின் தனி விளைவை இப்படிப் பிரித்து அளக்க வழியில்லை. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

படத்துக்குப் பின் கிராசெட் அண்ட் டன்லப் திரைப்படக் காட்சிகளோடு மறுபதிப்பு போட்டது. சேகரிப்பாளர்கள் இதை மட்டமாகப் பார்ப்பார்கள். ஆய்வாளருக்கு முதற்பதிப்புக்கு நிகரான மதிப்பு இதற்கும் உண்டு. கெல்லரின் ஓவியங்கள் இருந்த இடத்தை ஒளிப்படங்கள் பிடித்துக்கொண்டதும், கற்பனை மெய்போலத் தோன்றத் தொடங்கிவிட்டது.

6. அலமாரியில் எங்கே வைப்பது?

கிளான் நினைவுப் பொருள்களின் விற்பனையை ஈபே நிறுவனம் 2001இல் கட்டுப்படுத்தியது. இந்நூலையும் சந்தையிலிருந்து விலக்க வேண்டும் என்போர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மறைந்துபோன சான்றை வைத்து யாரையும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. மிச்சிகனில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் இனவெறிப் பொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தே இனவெறிக்கு எதிராகப் பாடம் நடத்துகிறது. கென்டக்கி பல்கலைக்கழகப் பதிப்பகம் 1970இல் இந்நாவலைத் தாமஸ் டி. கிளார்க்கின் அறிமுகத்தோடு மறுபதிப்பு செய்தது. இரண்டும் ஏற்கத்தக்க வழிகள்.

ஏற்கத்தகாதது, நூலின் உடல்நிலையை மட்டும் சொல்லி உள்ளடக்கத்தை 'சர்ச்சை' என்ற போர்வையால் மூடும் வணிக மொழி. சர்ச்சை என்றால் இரு தரப்பிலும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. முன்னுரையின் உறுதிமொழி ஆவணங்களின் முன் நிற்கவில்லை என்று விற்பனைக் குறிப்பிலேயே ஒரு வரி எழுதலாம். நூலகப் பட்டியலிலும் எழுதலாம். அதனால் முதற்பதிப்பின் விலை குறைந்துவிடாது.

முதற்பதிப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாத தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலைத் தரவிறக்கிப் படிப்பவர்கள், கிளான் வன்முறை குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1872இல் வெளியிட்ட 13 தொகுதிகளில் தென் கரோலினாவுக்குரிய மூன்றில் ஒன்றையாவது கூடவே திறந்து பாருங்கள். அவையும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.